கால்விரல் நுனியில் ஓர் ஆஃப்சைடு

2024 ஜூன் 29 அன்று ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் யூரோ கோப்பையின் நாக்அவுட் ஆட்டம். ஜெர்மனியும் டென்மார்க்கும் மோதின. முதல் பாதியில் இடியும் மின்னலும் புகுந்து ஆட்டத்தையே நிறுத்திவைத்தன. இடைவேளைக்குப் பிறகு மூன்றே நிமிடத்தில் டென்மார்க்கின் தடுப்பாட்டக்காரர் யோவாகிம் ஆண்டர்சன் பந்தை வலைக்குள் அடித்தார். டென்மார்க் ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நடுவர் மைக்கேல் ஆலிவரின் காதுக்குச் செய்தி வந்தது: கோல் செல்லாது. அதற்கு முந்தைய பாஸ் கிளம்பிய கணத்தில் தாமஸ் டிலேனியின் பூட்ஸ் முனை ஆஃப்சைடில் இருந்திருக்கிறது. தொலைக்காட்சியில் வந்த முப்பரிமாணப் படத்தை உற்றுப் பார்த்தால்தான் அந்த முனை தெரிந்தது.

வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் அடுத்த அடி விழுந்தது. ஜெர்மனியின் ராவும் என்பவர் அடித்த கிராஸ், அதே ஆண்டர்சனின் கையை உரசிச் சென்றது. பந்துக்குள் இருந்த சென்சார் அதைப் பிடித்துவிட்டது. கிரிக்கெட்டில் மட்டையின் விளிம்பில் பந்து பட்டால் ஸ்னிக்கோவில் கோடு துள்ளுமே, அதே மாதிரி திரையில் ஒரு கோடு துள்ளியது. பெனால்டி. ஹாவர்ட்ஸ் கோலாக்கினார். 1-0 என்று முன்னிலையில் இருந்திருக்க வேண்டிய டென்மார்க், ஐந்தாறு நிமிடத்துக்குள் 0-1 எனப் பின்தங்கியது. கடைசியில் 0-2 எனத் தோற்று வீட்டுக்குப் போனது. ஆட்டம் முடிந்ததும் டென்மார்க் பயிற்சியாளர் காஸ்பர் யூல்மன் கைபேசியில் அந்த ஆஃப்சைடு படத்தைக் காட்டி, ஒரு சென்டிமீட்டருக்காகவா என்று பொருமினார்.

விதிப்புத்தகத்தை வைத்துப் பார்த்தால் ஆஃப்சைடு ஆஃப்சைடுதான். பந்து கையில் பட்டது பட்டதுதான். அப்படியிருந்தும் அன்றிரவு ஐரோப்பாவின் பாதி ரசிகர்கள் இது அநியாயம் என்றார்கள், மீதிப் பாதி விதி விதிதானே என்றார்கள். வீடியோ நடுவர் முறை, அதாவது ரசிகர்கள் வாயில் ‘வார்’, வந்த நாளிலிருந்து இந்தப் பஞ்சாயத்து ஓயவில்லை. தோற்றவர்களின் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் ரசிகர்களின் கோபத்தில் அறிவியலும் கொஞ்சம் இருக்கிறது. அவர்கள் உள்ளூர உணர்வதை அளவையியலும் உளவியலும் வேறு சொற்களில் சொல்கின்றன.

இயந்திரம் மைதானத்துக்குள் ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. 1986இல் மரடோனா கையால் தட்டிப்போட்ட கோலைச் சொல்லவே வேண்டாம். 2009 நவம்பரில் தியரி ஆன்றி பந்தைக் கையால் நிறுத்திக் கொடுத்த பாஸில் பிரான்ஸ் கோல் போட, அயர்லாந்து உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. 2010 ஜூன் 27 அன்று தென்னாப்பிரிக்காவில் ஒரே நாளில் இரண்டு கூத்துகள். இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து குறுக்குக் கம்பியில் பட்டு, கோட்டுக்கு உள்ளே நன்றாகவே விழுந்து வெளியே வந்தது. நடுவர் கோல் தரவில்லை. அன்று மாலை மெக்சிகோவுக்கு எதிராக அர்ஜென்டினாவின் டெவஸ் பட்டவர்த்தனமான ஆஃப்சைடில் நின்று கோல் போட்டார். மைதானத்துப் பெரிய திரையிலேயே அந்தக் காட்சி மறுபடி ஓட, மெக்சிகோ ஆட்டக்காரர்கள் திரையைக் காட்டிக் காட்டிக் கத்தினார்கள். உலகமே பார்த்துவிட்டது, தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மட்டும் பார்க்கவில்லை. அதுவரை தொழில்நுட்பம் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்த ஃபிஃபா தலைவர் பிளாட்டர், இரு நாடுகளிடமும் மன்னிப்புக் கேட்டார்.

முதலில் வந்தது கோல்கோட்டுத் தொழில்நுட்பம். ஹாக்ஐ முறையில் ஒரு கோலுக்கு 7 காமிராக்கள் வீதம் 14 காமிராக்கள் பந்தைத் தொடர்ந்து படம்பிடிக்கும். பந்து முழுவதும் கோட்டைக் கடந்தால் ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரம் அதிரும். இதைப் பற்றி எந்த டீக்கடையிலும் எந்த பப்பிலும் சண்டை நடந்து நான் கேட்டதில்லை. பந்து உருண்டை, கோடு நேர்க்கோடு, கேள்வி ஒன்றே ஒன்று, பதில் உடனடி. சண்டை வந்தது அது பதில் சொல்லாமல் போனபோதுதான். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு பிரீமியர் லீக் மறுபடி தொடங்கிய 2020 ஜூன் 17 அன்று, ஆஸ்டன் வில்லாவின் கோல்கீப்பர் நைலண்ட் பந்தை அணைத்தபடி கோட்டுக்குப் பின்னால் சாய்ந்தார். கோல்கீப்பரும் ஆட்டக்காரர்களும் கம்பமும் சேர்ந்து ஏழு காமிராக்களையும் மறைத்துவிட்டதால் கடிகாரம் அதிரவில்லை. ஷெஃபீல்டு யுனைடெடுக்குக் கிடைக்க வேண்டிய கோல் போனது, ஆட்டம் 0-0. சீசன் முடிவில் வில்லா ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கீழ்நிலை லீக்குக்கு இறங்காமல் தப்பியது. ஹாக்ஐ நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. அன்றும் நடுவர் மைக்கேல் ஆலிவர்தான். மனிதருக்கு ராசி அப்படி.

ஆஃப்சைடு விஷயம் இவ்வளவு எளிதில்லை. ‘அந்தக் காலத்தில் லைன்ஸ்மேன் கொடி தூக்கினால் தூக்கினதுதான், என்ன குறைந்துவிட்டது’ என்று கேட்பவர்கள், லைன்ஸ்மேனிடம் நாம் எதைக் கேட்கிறோம் என்று யோசிக்க வேண்டும். பந்தை உதைப்பவர் ஓரிடத்தில் இருப்பார். முப்பது நாற்பது மீட்டர் தள்ளி முன்கள வீரர் ஓடிக்கொண்டிருப்பார். அவர் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டியிருக்கிறாரா என்பதை, பந்து காலை விட்டுக் கிளம்பும் அதே கணத்தில் சொல்ல வேண்டும். 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஸ்பெயின் மருத்துவர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: இரண்டு தாக்குதல் வீரர்கள், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், பந்து என ஐந்து நகரும் பொருள்களை ஒரே கணத்தில் கண்ணில் பதிக்க வேண்டும், மனிதக் கண் அதற்கு லாயக்கில்லை. பார்வையை உதைப்பவரிடமிருந்து கோட்டுக்குத் திருப்புவதற்குள் வீரர்கள் இடம் மாறிவிடுகிறார்கள்.

நிற்கிற இடமும் ஏமாற்றும். 2000ஆம் ஆண்டு நேச்சர் இதழில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர் ராவுல் ஔடேயன்ஸும் குழுவினரும் இதை விளக்கினார்கள். லைன்ஸ்மேன் சரியாகக் கடைசித் தடுப்பாட்டக்காரரின் நேர்கோட்டில் நிற்காமல் கொஞ்சம் முன்னே பின்னே நின்றால், பார்வைக் கோணத்தால் உள்ளதற்கு மாறாகத் தெரியும். தனக்கு அருகில் ஓடுபவர் தாண்டியதாகவும், தூரத்தில் ஓடுபவர் தாண்டாததாகவும் தோன்றலாம். ஓடும் பக்கம் மாறினால் பிழையும் திசை மாறும். அதாவது தவறுகள் ஏனோதானோ என்று விழவில்லை. வடிவியல் சொல்கிறபடியே விழுகின்றன.

இதோடு மூளை தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறது. நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு பொருளுக்கு நேராக ஒரு விளக்கு மின்னி மறைந்தால், அந்தப் பொருள் விளக்கைத் தாண்டி முன்னே போய்விட்டதாகவே நமக்குத் தெரியும். 1994இல் ரோமி நிஜவான் என்ற ஆய்வாளர் கவனத்துக்குக் கொண்டுவந்த இந்த மாயத்தை, பிரேசில் ஆய்வாளர்கள் 2002இல் லைன்ஸ்மேனின் கொடியோடு முடிச்சுப் போட்டார்கள். பந்தை உதைக்கும் கணம்தான் அந்த மின்னல். ஓடிக்கொண்டிருக்கும் முன்கள வீரர்தான் அந்தப் பொருள். அவர் கோட்டில் இருந்தாலும் தாண்டிவிட்டதாகத் தெரிகிறது, கொடி உயர்கிறது. எத்தனை நேர்மையான லைன்ஸ்மேனுக்கும் இது நேரும். ஆகவே பழைய முறையே நியாயமானது என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. அது பழகிப்போன அநியாயம், அவ்வளவே.

சரி, காமிரா? 2019 ஆகஸ்ட் 10 அன்று பிரீமியர் லீக்கில் வார் அறிமுகமான முதல் வாரத்திலேயே மான்செஸ்டர் சிட்டியின் கோல் ஒன்று போனது. ரஹீம் ஸ்டெர்லிங்கின் தோள் 2.4 சென்டிமீட்டர் ஆஃப்சைடு என்றார்கள். அந்த 2.4 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஒளிபரப்புக் காமிரா நொடிக்கு 50 படங்கள் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 0.02 நொடி. முன்கள வீரர் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பாய்கிறார். தடுப்பாட்டக்காரர் ஆஃப்சைடு பொறி வைக்க 4 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் ஏறுகிறார். இருவருக்கும் இடையிலான நிலை நொடிக்கு 12 மீட்டர் மாறுகிறது, 0.02 நொடியில் 24 சென்டிமீட்டர். பந்தில் கால் பட்ட உண்மையான கணம் இரண்டு படங்களுக்கு நடுவே எங்கோ ஒளிந்திருக்கிறது. முந்தைய படத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆன்சைடு, அடுத்ததை எடுத்தால் ஆஃப்சைடு என்று வரக்கூடிய இடத்தில், 2.4 சென்டிமீட்டர் என்று தசமப் புள்ளி வைத்துச் சொல்வது, தையற்காரரின் டேப்பை வைத்துக்கொண்டு நூலின் தடிமனை அளந்தேன் என்பது மாதிரி.

அதற்குப் பிறகும் வேலை இருந்தது. திரையில் தோள் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று ஒருவர் கண்ணால் பார்த்துப் புள்ளி வைத்து அங்கிருந்து தரைக்குக் கோடு இறக்க வேண்டும். கை ஆஃப்சைடில் சேராது, தோள் சேரும். எல்லை அக்குளின் அடிமட்டம். அதே ஆண்டு நவம்பரில் லிவர்பூலின் ஃபிர்மினோ போட்ட கோல் அக்குள் கணக்கில் செல்லாமல் போனதும் சமூக ஊடகங்களில் சிரிப்பாய்ச் சிரித்தது. ஜெர்சி காற்றில் உப்பும், படம் மங்கும், விரல் கொஞ்சம் நகரும். ஒவ்வொன்றும் ஓரிரு சென்டிமீட்டர்.

2022 கத்தார் உலகக் கோப்பையில் வந்த அரைத் தானியங்கி ஆஃப்சைடு முறை இந்தப் பிழைகளைப் பெருமளவு குறைத்தது. கூரைக்குக் கீழே பொருத்திய 12 காமிராக்கள் ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பின்தொடர்ந்தன. பந்தின் நடுவில் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. உதைத்த கணத்தைத் தேடும் தொல்லை 0.02 நொடியிலிருந்து 0.002 நொடியாகச் சுருங்கியது. நம் கணக்கில் 24 சென்டிமீட்டர் 2.4 ஆகிறது. ஸ்டெர்லிங்கின் தோளுக்குச் சொன்ன அதே 2.4, இப்போது கருவியின் வரம்பாக வந்து நிற்பது தற்செயல்தான். ஆனாலும் நல்ல தற்செயல். பந்தில் கால் ஒட்டியிருப்பதே ஏறத்தாழ நூறில் ஒரு நொடி நேரம் என்பதால், எந்தக் கணத்தை எடுப்பது என்பதற்கும் விதி தேவைப்பட்டது. முதலில் கால் பட்ட கணம் என்று வைத்திருக்கிறார்கள். இருந்தும் பந்து 500 முறை பேசுகிறது, உடல் 50 முறைதான் பேசுகிறது. இடைப்பட்ட நிலையைக் கணக்குப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். ரசிகருக்குக் காட்டும் முப்பரிமாணப் படம் புகைப்படம் இல்லை. அந்தப் புள்ளிகளை வைத்துக் கணினி கட்டியெழுப்பிய பொம்மை. டிலேனியின் பூட்ஸ் முனையும் அப்படித்தான் நம் கண்ணுக்கு வந்தது.

ஆய்வுக்கூடத்தில் எந்த அளவைச் சொன்னாலும் கூட்டல்-கழித்தல் இவ்வளவு என்று பிழை வரம்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாத மாணவனுக்கு மதிப்பெண் போகும். கால்பந்தின் திரையில் அந்த வரம்பு காட்டப்படுவதில்லை. கிரிக்கெட் இதில் கொஞ்சம் நேர்மையாக நடந்துகொண்டது. எல்பிடபிள்யூ கேட்டு டிஆர்எஸ் போனால், பந்து ஸ்டம்பின் ஓரத்தை மட்டும் உரசுவதாகக் கணினி சொல்லும்போது ‘அம்பயர்ஸ் கால்’ என்று அறிவித்துவிடுகிறார்கள்: இதற்கு மேல் எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது, களத்தில் நின்றவர் சொன்னதே இருக்கட்டும். நம்மூர் ரசிகர்கள் அதையும் திட்டுவார்கள். ஆனால் கருவியின் எல்லையை ஒத்துக்கொள்ளும் விதி அது. பிரீமியர் லீக் 2021-22 சீசனில் ஆஃப்சைடு கோடுகளைத் தடிப்பாக்கியது. தாக்குபவரின் கோடும் தடுப்பவரின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் ஆன்சைடு. தடித்த கோட்டுக்கும் ஓர் ஓரம் உண்டே, அதை ஒருவன் மயிரிழையில் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்கே கோடு போட்டாலும் அதன் ஓரத்தில் ஒருவன் மாட்டுவான். ஆனால் சந்தேகத்தின் பலன் யாருக்கு என்பதை ஆட்டத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட்டால், மாட்டிக்கொண்டவன் கருவியின் தடுமாற்றத்துக்குப் பலியாகவில்லை என்றாவது ஆகும்.

இதுவரை பேசியது அளக்கக்கூடிய விஷயம். ஆண்டர்சனின் கை வேறு வகை. பந்து பட்டதா என்பதற்கு சென்சார் பதில் சொல்லும். கையை இயல்புக்கு மாறாக விரித்து உடலைப் பெரிதாக்கினாரா என்பதற்கு எந்த சென்சாரும் பதில் சொல்லாது. ஓடுகிறவன் கையைக் கட்டிக்கொண்டா ஓடுவான் என்று டென்மார்க் கேட்டது அதனால்தான். துள்ளிய கோட்டைத் திரையில் பார்த்ததும், அளந்து சொன்ன பாதியின் உறுதி, மனிதர் தீர்மானிக்க வேண்டிய மறுபாதிக்கும் ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

ஸ்லோமோஷன் இன்னும் பெரிய வம்பு. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் யூஜீன் கருஸோவும் சகாக்களும், ஒரு கொள்ளை முயற்சியில் துப்பாக்கி சுடப்படும் கண்காணிப்பு வீடியோவைச் சிலருக்குச் சாதாரண வேகத்திலும் சிலருக்கு மெதுவாகவும் காட்டினார்கள். மெதுவாகப் பார்த்தவர்கள், சுட்டவன் வேண்டுமென்றே சுட்டான் என்று சொல்வது கூடியது. படம் நீளும்போது, அவனுக்கு யோசிக்க அவ்வளவு நேரம் இருந்ததாகப் பார்ப்பவரின் மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் எவ்வளவு நேரம் என்று திரையில் கடிகாரம் காட்டியபோதும் அந்தச் சாய்வு குறைந்ததே தவிரப் போகவில்லை. கால்பந்திலும் இதைச் சோதித்தார்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐரோப்பாவின் 88 உயர்நிலை நடுவர்களிடம் ஃபவுல் காட்சிகளைப் போட்டுக் காட்டியபோது, ஃபவுலா இல்லையா என்ற கேள்வியில் வேகம் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. தண்டனை எவ்வளவு என்ற கேள்வியில் செய்தது. மெதுவாகப் பார்த்தவர்கள் கடுமையான அட்டையை நீட்டினார்கள். வருடக்கணக்கில் பயிற்சி பெற்றவர்களுக்கே இந்தக் கதி.

வார் நெறிமுறை இதைத் தெரிந்துதான் எழுதப்பட்டது. எந்த இடத்தில் பட்டது, யார் மேல் பட்டது என்பதற்கு ஸ்லோமோஷன். எவ்வளவு மூர்க்கம் என்பதற்குச் சாதாரண வேகம். ஆனால் மைதானத்து ஓரத்தில் இருக்கும் சிறு திரைக்கு நடுவர் ஓடி வரும்போது, பெரும்பாலும் அவருக்காகக் காத்திருப்பது பூட்ஸின் ஆணி கணுக்காலில் புதைந்திருக்கும் ஓர் உறைந்த படம். எந்த மோதலையும் அதன் மிக மோசமான கணத்தில் நிறுத்திவைத்தால் கொலைவெறியாகத்தான் தெரியும். போதாக்குறைக்கு, தன் முடிவு தவறு என்று இன்னொரு நடுவர் நினைப்பதால்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். கூப்பிட்டபின் முடிவை மாற்றாமல் திரும்புகிறவர்கள் அபூர்வம்.

கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் என்ற நான்கில் மட்டுமே, அதிலும் ‘தெளிவான, வெளிப்படையான தவறு’ இருந்தால் மட்டுமே வார் தலையிடலாம் என்றுதான் விதி எழுதினார்கள். எவ்வளவு தெளிவு இருந்தால் தெளிவு? போன வாரம் எங்களுக்குக் கொடுக்காத பெனால்டியை இந்த வாரம் அவர்களுக்குக் கொடுத்தார்களே என்ற ரசிகர் புகாரின் வேர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வார் வந்தபின் முக்கிய முடிவுகளில் 82 சதவீதமாக இருந்த சரித்தன்மை 96 ஆக உயர்ந்திருப்பதாக பிரீமியர் லீக் சொல்கிறது. நம்பக்கூடிய முன்னேற்றம்தான். ஆனால் சரி எது என்று தீர்மானிக்கும் ஐந்து பேர் குழு, வாரக்கடைசி ஆட்டங்களை ஆற அமரப் பார்த்துவிட்டு, சில முடிவுகளில் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்து வாக்களிக்கிறது. எல்லாக் கோணமும், வேண்டிய நேரமும் கிடைத்தும் இரண்டு பேர் ஒத்துப்போகவில்லை என்றால், அங்கே ‘வெளிப்படை’ என்ற சொல்லுக்கு வேலையில்லை.

ரசிகர்களின் கண்ணையும் லேசில் விடக்கூடாது. 1951இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகள் மோதிய முரட்டுத்தனமான அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஒன்றின் படச்சுருளை, பிறகு இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள் ஹாஸ்டார்ஃப், கேண்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள். டார்ட்மத் அணி செய்த விதிமீறல்களை எண்ணச் சொன்னபோது, பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் ஆட்டத்தை அவரவர் பார்த்தார்கள். ரீப்ளே காட்டினால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைத்தவர்கள் 1954இல் வெளிவந்த அந்தக் கட்டுரையைப் படித்திருக்கவில்லை போலும்.

நடுவரின் காதும் அப்படித்தான். ஒரே ஆட்டத்தின் ஒளிப்பதிவைக் கூட்டத்தின் சத்தத்தோடும் சத்தமில்லாமலும் 40 நடுவர்களுக்குக் காட்டிய 2002ஆம் ஆண்டு ஆங்கிலேய ஆய்வில், சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகச் சொன்ன ஃபவுல்கள் சுமார் 15 சதவீதம் குறைந்தன. மேற்கு லண்டனின் ஸ்டாக்லி பார்க் அலுவலக வளாகத்தில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வார் நடுவருக்கு இந்தக் கூச்சல் எட்டாது. அது நிச்சயம் ஒரு லாபம்.

அந்த அறையில் வேறு ஆபத்து உண்டு. 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் போட்டார். களத்தில் ஆஃப்சைடு என்று கொடி. வார் அறையில் கோடு போட்டுப் பார்த்தார்கள், தெளிவான ஆன்சைடு. அளவில் தவறே இல்லை. ஆனால் களத்தில் கோல் கொடுத்துவிட்டதாக வார் நடுவர் நினைத்துக்கொண்டிருந்தார். ‘செக் கம்ப்ளீட்’ என்றார். களத்து நடுவர் அதை, ஆஃப்சைடு சரிதான் என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். சில நொடிகளில் ரீப்ளே இயக்குபவர் விஷயத்தைச் சொல்ல, அறையில் இருந்தவர்கள் பதறினார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பின்னால் போக விதியில் இடமில்லை. லிவர்பூல் கடைசி நிமிட சேம்சைடு கோலில் 1-2 எனத் தோற்றது. சில நாட்களில் அந்த உரையாடலின் ஒலிப்பதிவு வெளியானபோது உலகம் முழுவதும் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டது. விமானியிடம் கட்டுப்பாட்டுக் கோபுரம் ஓர் உயரத்தைச் சொன்னால், விமானி அதைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். வானத்தில் பல உயிர்களைக் காத்த பழக்கம் அது. ‘முடிந்தது’ என்று மட்டும் சொல்லாமல், ‘கோல் கொடுங்கள்’ என்று சொல்லியிருந்தால் போதும். தொடர்பு நெறிமுறையைப் பிறகு திருத்தினார்கள்.

வெளியிட்ட அந்த ஒலிப்பதிவால் லிவர்பூலுக்குப் புள்ளி திரும்பவில்லை. ஆனால் சதி என்ற பேச்சு அடங்கி, சொதப்பல் என்ற பேச்சு வந்தது. அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் நீதிமன்றங்களையும் காவல்துறையையும் வைத்துப் பல காலமாகச் சொல்லிவருவது இதைத்தான்: தனக்கு எதிரான தீர்ப்பையும் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள், அது வந்த வழி கண்ணுக்குத் தெரிந்தால். மைதானத்தில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவருக்கு வார் நேரத்தில் தெரிந்தது, காதில் கை வைத்து நிற்கும் ஒரு நடுவர் மட்டுமே. வீட்டில் டிவி பார்த்தவனுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவர்கள் மைக் பிடித்து முடிவையும் காரணத்தையும் கூட்டத்துக்கு அறிவித்தார்கள். எந்தச் சென்சாரையும் விட மலிவான இந்த ஏற்பாட்டுக்கு இத்தனை வருடம் ஆனது எனக்குப் புரியவே இல்லை.

அதிலும் தீராத ஒன்று உண்டு. 2019 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் டாட்டன்ஹாமுக்கு எதிராகக் கடைசிக் கணங்களில் ஸ்டெர்லிங் கோல் போட, மான்செஸ்டர் சிட்டி அரையிறுதிக்குப் போய்விட்டதென்று பயிற்சியாளர் கார்டியோலா ஓடித் திரிந்தார்; வார் சக வீரர் அகுவேரோவை ஆஃப்சைடு என்றது. முடிவு சரி. அன்றிலிருந்து பல ரசிகர்கள் கோல் விழுந்ததும் கத்துவதற்கு முன்னால் ஒரு கணம் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் 96 சதவீதக் கணக்கில் எங்கும் சேராது. நார்வேயில் 2024 ஜூலையில் ரோசன்போர்க், லில்லஸ்ட்ரோம் அணிகள் ஆடியபோது ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளையும் மீன் கேக்குகளையும் களத்தில் வீசி ஆட்டத்தையே கைவிடவைத்தார்கள். 2025 தொடக்கத்தில் நார்வே கிளப்புகள் 19க்கு 13 என்று வாரை நீக்கப் பரிந்துரைத்தன. சம்மேளனத்தின் ஆண்டுக் கூட்டம் பெரும்பான்மையோடு அதைத் தக்கவைத்துக்கொண்டது. கிளப்பின் 51 சதவீத வாக்குரிமை உறுப்பினர்களான ரசிகர்களிடமே இருக்கும் ஸ்வீடனில், 2024இல் வார் வேண்டாம் என்றே முடிவானது. அதே ஆண்டு பிரீமியர் லீக்கில் வுல்வ்ஸ் கொண்டுவந்த நீக்கத் தீர்மானம் 19க்கு 1 என்று தோற்றது. அங்கே வாக்களித்தவர்கள் கிளப்புகளை நடத்துபவர்கள்.

இந்தியன் சூப்பர் லீக்கில் வார் கிடையாது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில், கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் சுவர் எழுப்புவதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கை விரைந்து அடித்துக் கோலாக்கினார். நடுவர் கோல் என்றார்; கேரள அணி ஆட்டத்தை விட்டே வெளியேறியது. பயிற்சியாளர் வுகோமனோவிச்சுக்குப் பத்து ஆட்டத் தடை, கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். வார் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அப்போது பலர் சொன்னார்கள். எனக்குச் சந்தேகம்தான். விசிலுக்குக் காத்திருக்கச் சொன்னாரா இல்லையா, ஃப்ரீகிக்கைத் தொடங்கிய விதம் சரியா என்பதெல்லாம் வார் பார்க்கும் நான்கு விஷயங்களுக்குள் வருவதில்லை. வசதி குறைந்த லீக்குகளுக்காக ஃபிஃபா 2024 முதல் வேறொரு முறையைச் சோதித்துவருகிறது: தனி வீடியோ நடுவர் இல்லை, ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் இரண்டு முறையீடு, கிடைக்கிற சில காமிராக்களின் படத்தை நடுவரே போய்ப் பார்ப்பார். கிரிக்கெட் ரசிகர்களுக்கு உடனே விளங்கும். நாலைந்து காமிராவை வைத்துக்கொண்டு கால்விரல் அளவு ஆஃப்சைடை யாரும் அளக்கப்போவதில்லை. அங்கே மறுபடியும் லைன்ஸ்மேனின் கொடிதான், அதன் பழைய பிழைகளோடு.